துணியை யார் மடிப்பது?

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் நோ தணிந்ததில் நிம்மதி. மட்டக்களப்பில் மழை விட்டு விட்டுப் பெய்கிறது, வேறு புதினமில்லை.

காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் கிளிநொச்சித் தாய்மார் சொல்லும் கதையை அந்த இடத்திலேயே நடித்துக் காட்டப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். 1975இல் அமெரிக்காவில் தொடங்கிய பிளேபாக் தியேட்டர் முறைதானே? செலவு பெரிதில்லை. நடிகர் 4 பேர், வாத்தியத்துக்கு ஒருவர், கதையைக் கேட்டு வாங்க ஒருவர். ஒரு கரையில் 2 கதிரை, மற்றக் கரையில் நிறத்துணி ஏழெட்டு. வெள்ளை வேண்டாம், கண்டவுடன் பாடைதான் ஞாபகம் வரும். சபை 25 பேருக்குள் இருக்கட்டும்.

எடுத்தவுடன் பெரிய கதை கேட்காதே. 'இன்றைக்கு வரும் வழியில் என்ன கண்டீர்கள்' என்பது போலச் சின்னதாய் நாலைந்து கேட்டு நடியுங்கள். நடிகர் தங்களைக் கேலி செய்யமாட்டார்கள் என்று சனம் நம்பிய பிறகுதான் மற்றது வரும். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாதே. சொல்ல விருப்பமில்லாதவரைச் சொல்ல வைத்தால் ஆறாது, புண் கூடும்.

கதை சொல்பவர் தன்னை நடிப்பவரைத் தானே தெரிவு செய்ய வேண்டும். நடிகர் தங்களுக்குள் கூடிக் கதைக்காமல் எழும்பி, 5 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நீட்டினால் நடிகரின் கதையாகிவிடும். முடிந்ததும் 'இப்பிடித்தானா அம்மா?' என்று கேள். இல்லை என்றால் பிழைத்த இடத்தை மட்டும் திருத்தி நடியுங்கள். கடைசிச் சொல் அவருடையது.

இனி நீ கேட்டது: காணாமலாக்கப்பட்ட பிள்ளையை யார் நடிப்பது? ஒருவரும் வேண்டாம் என்பேன். 2017 பெப்ரவரி 20 முதல் கந்தசாமி கோயிலடியில் போராட்டத்தில் இருந்தவர்கள் அந்தத் தாய்மார். மரணச் சான்றிதழ் எடு என்று அரசாங்கம் சொன்னபோது மறுத்தவர்கள். பிள்ளையைப் பிணமாய்க் கிடத்தினால் அதே சான்றிதழை நீங்கள் மேடையில் நீட்டுகிறீர்கள். அவன் ஓடிவந்து கட்டிப்பிடிப்பதாய் நடித்தாலோ அதைவிடக் கொடுமை. அன்றிரவு முழுக்க அந்த மனுசி படலையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். ஒரு துணியைக் கதிரையில் போட்டு, அதுதான் மகன் என்று வைத்தால் போதும். தாயை நடிப்பவர் அதைத் தொடலாம், தடவலாம், சுருக்கம் எடுக்கலாம். மடித்து வைக்கக் கூடாது. நடித்து முடிந்ததும் அந்தத் துணியைச் சொன்னவரிடம் கொடுத்து, எங்கே வைக்கலாம் என்று கேள். சிலர் கதிரையிலேயே விடச் சொல்வார்கள், சிலர் மடியில் வைத்துக்கொள்வார்கள். இரண்டும் சரி.

வாத்தியக்காரருக்குச் சொல்லிவை: திடீர்ப் பறையடி, தகரத்தில் தட்டுவது எல்லாம் ஷெல் சத்தமாய்த்தான் காதில் விழும். புல்லாங்குழலோ கைத்தாளமான சிறு சல்லாரியோ போதும். யாருக்காவது மூச்சு ஏறி, கண் ஓரிடத்தில் குத்தி நின்றால் நாடகத்தை நிறுத்து. காலை நிலத்தில் ஊன்றச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, சுற்றிலும் தெரிகிற சாமான்களின் பெயரைச் சொல்ல வை. உளசமூகப் பணியாளர் ஒருவர் சபைக்குள்ளேயே இருக்க வேண்டும். வாரத்துக்குள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. கமராவோடு வரும் நிதி கொடுப்போரை வாசலிலேயே நிறுத்து. தெரியாத ஆக்கள் வேவு பார்ப்பதுபோல மோட்டார் சைக்கிளில் வந்து நின்றால் அன்றைக்குக் கதையே வேண்டாம், பாட்டோடு முடி.

ஒன்றரை மணித்தியாலத்தில் கடைசி 20 நிமிடம் மனம் ஆறுவதற்கு, அதில் கை வைக்காதே. எங்கள் பக்கத்தில் வைகாசியில் அம்மன் சடங்கில் கண்ணகியின் கதையான கண்ணகி வழக்குரை படிப்பவர்கள் மதுரையை எரித்த கையோடு எழும்பிப் போவதில்லை. அம்மனின் கோபத்தைத் தணிக்கும் குளிர்த்தி பாடித்தான் சடங்கு முடியும். உங்கள் சனத்துக்குத் தெரிந்த பாட்டு எது என்று முதலே விசாரித்து வை. பிறகு தேத்தண்ணி, வடை. பஸ் 6 மணிக்கு என்றால் 4க்கே முடித்துவிடு. நேரம் பார்த்துக்கொண்டு யாரும் அழ முடியாது.

உங்கள் நாலு நடிகரில் பெண்கள் எத்தனை பேர்? இரண்டுக்குக் குறைவென்றால் தொடங்காதே, ஆள் பிடித்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்