மாத்திரை டப்பாவுக்கு அடியில்

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

நேரில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இந்தத் தாளை மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைக்கப்போகிறேன். அந்த டப்பாவைத் திறக்காமல் உனக்கு ஒரு ராத்திரியும் போகாது என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கைதான்.

முதலில் சாமான் கணக்கு. தீப்பெட்டி ஆபீசில் பதினாறு வருஷமாகப் பண்டலுக்கு 600 பெட்டி என்று எழுதுகிற கை, எண்ணாமல் இருக்காது. பச்சைப் பெட்டியில் சுடிதார் ஏழு, நைட்டி மூன்று, ஜமுக்காளம் ஒன்று, போர்வை இரண்டு. கோயம்புத்தூர்க் குளிர், கரிசக்காட்டு வெயிலில் வளர்ந்த உடம்புக்குப் புதுசு. ராத்திரி காதை மூடிக்கொண்டு படு. வாளிக்குள் கப்பு, சோப்பு டப்பா, துணி கிளிப், கொடிக்கயிறு, பூட்டு. பூட்டுக்கு மூன்று சாவி. ஒன்று உன் கைப்பையில், ஒன்று பெட்டியின் உள் ஜிப்பில், ஒன்று என்னிடம். உனக்கு எதற்கு என்று கேட்காதே. இட்லிப்பொடி ஒரு பாட்டில், பருப்புப்பொடி ஒரு பாட்டில். கடலைமிட்டாய் நான்கு பாக்கெட், ரூமில் இருக்கிற பிள்ளைகளுக்கு. முதல் நாளே கொடுத்துவிடு, வைத்திருந்தால் நமுத்துப்போகும். எந்த ஊர்ப் பிள்ளைகளோ. நல்ல பிள்ளைகளாக இருக்க வேண்டும்.

ஃபைலில் டிசி, மார்க் ஷீட், ஜாதிச் சான்றிதழ், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கு ஹெட்மாஸ்டர் கொடுத்த தாள், எல்லாவற்றுக்கும் ஐந்தைந்து ஜெராக்ஸ். ஹெட்மாஸ்டர் கொடுத்தது பத்திரம். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் காலேஜ் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அரசாங்கமே கட்டுகிறது என்றால் அந்த ஒரு தாளால்தான். புதுமைப்பெண் பணம் மாதம் ஆயிரம் வரும். அதை வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே. பழம் வாங்கிச் சாப்பிடு. மாத்திரை என்றைக்காவது ஆஸ்பத்திரியில் கிடைக்காமல் போனால் வெளிக்கடையில் வாங்கவும் அதில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுக்குக் கட்டிலாக இருந்தால் கீழ்க்கட்டிலைக் கேள். கொடுக்கமாட்டேன் என்றால் ஜமுக்காளத்தைத் தரையில் விரி. ரயிலிலும் அப்படித்தான். நாளன்றைக்கு ராத்திரி நாகர்கோவில் வண்டியில் நமக்கு ஒரே ஒரு லோயர்தான் கிடைத்திருக்கிறது, அது உனக்கு. அப்பாவுக்கு மூட்டுவலி என்று விட்டுக்கொடுக்காதே. அவர் ஏறிக்கொள்வார்.

பத்து மணிக்குப் படு. பத்து என்றால் பத்து. போனைத் தலைமாட்டில் வைக்காதே. அப்பாவுக்கு ராகிங் பயம். தமிழ்நாட்டில் 1997-லேயே அதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது என்று உன் மாமா சொல்லியும் அவருக்கு ஆறவில்லை. எனக்கு அந்தப் பயம் கிடையாது, உன் வாய்க்கு எவளும் கிட்டே வரமாட்டாள். ஆனால் முதல் வாரம் அக்காமார்கள் ராத்திரி ஒரு மணி வரை உட்காரவைத்துப் பேர் கேட்பார்களாம், பாடச் சொல்வார்களாம். அன்பாகவே கூப்பிட்டாலும் போகாதே. பத்து மணிக்குப் படு.

போன வியாழக்கிழமை காலையில் அடுப்படியில் கொட்டின காபியைத் துடைத்துவிட்டேன். நான் ஒன்றும் கேட்கவில்லை, நீயும் ஒன்றும் சொல்லவில்லை. எவர்சில்வர் வழுக்கத்தான் செய்யும்.

நம்ம தெருவில் இதுவரை ஒருத்தியும் விவசாயக் காலேஜுக்குப் போனதில்லை. ஆபீசில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். முதலாளி அம்மா கூப்பிட்டு ஐந்நூறு ரூபாய் கொடுத்தார்கள், அதில்தான் உன் செருப்பு. தாத்தா இருந்திருந்தால் அந்த மூன்று ஏக்கர் கம்பங்காட்டு வரப்பில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருப்பார். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கும் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். கவுன்சலிங்கில் வரிசை போடும்போது கோயம்புத்தூரை முதலில் வைத்தாய், மதுரையை இரண்டாவதாக வைத்தாய், கிள்ளிகுளத்தை ஏன் கடைசியில் கொண்டுபோய் வைத்தாய்? அதுவும் அதே விவசாயக் காலேஜ்தானே, நம்ம மாவட்டம்தானே. வல்லநாட்டில் இறங்கினால் வந்தாயிற்று. ஏதாவது என்றால் ஒன்றரை மணி நேரத்தில் நான் அங்கே நிற்பேன். "அதுக்குத்தான்மா" என்று நீ சொன்னாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். மூன்று வாரமாக அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, முடிந்தது. கோயம்புத்தூர் நல்ல ஊர், சிறுவாணித் தண்ணீர் தித்திக்கும் என்கிறார்கள். இங்கே தண்ணி வருகிற நாளைக் காலண்டரில் குறித்துவைக்கிற பிழைப்பு, அங்கே நீ வேண்டுமட்டும் குளிக்கலாம். வாளித் தண்ணீரில் குளி, தொட்டி கிணறு பக்கம் போகாதே. உன் அப்பாவோட சின்ன அத்தையைப் பற்றி ஆச்சி சொல்லி அழுதது உனக்கும் தெரியும். அதற்குமேல் எழுதமாட்டேன். டிராக்டர் ஓட்டச் சொல்லித் தருவார்களாம், நீ ஏறாதே, வயிற்றுவலி என்று சொல்லிவிடு. பத்து மணிக்குப் படு.

மணி பதினொன்று. நாளைக்கு எழுதுகிறேன்.

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். "வயிற்றுவலி என்று சொல்லிவிடு." இதைத்தான் ஐந்து வருஷமாக உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மயக்கம் என்று சொல், சூடு என்று சொல், வயிற்றுவலி என்று சொல். நம்ம வீட்டில் அதற்கு ஒரு பேர்கூடக் கிடையாது. "அது வந்துச்சா?", "அது வரல." தண்ணி வருகிற காலண்டரிலேயே அது வந்த நாளுக்கும் ஒரு புள்ளி வைப்பேன். கடைசிப் புள்ளி பத்தாம் வகுப்பு ரிவிஷன் டெஸ்டுக்கு நீ ராத்திரி இரண்டு மணி வரை படித்தாயே, அதற்கு மறுநாள். இன்றோடு 2 வருஷம் 7 மாதம். வியாழக்கிழமைக்குப் புள்ளி வைக்கவில்லை. வைப்பதா வேண்டாமா என்று பேனாவோடு நின்றேன்.

வலிப்பு. எழுதிவிட்டேன். எழுதினால் ஒன்றும் ஆகவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில், மார்கழி மாதம், கோலம் போட நாலரை மணிக்கே உன்னை எழுப்பிவிடுவேன். நாலைந்து நாளாகக் காலையில் கை தானா வெட்டி இழுக்குது, பொடி சிதறுதும்மா என்று நீ சொன்னாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? கோலத்தில் கவனம் இல்லை என்று தலையில் குட்டினேன். தூக்கம் கெட்டுக் கண்விழித்தால் அப்படிக் கை வெட்டும், அதைக் கவனிக்காமல் விட்டால் பெரிதாக வரும் என்று பின்னால் திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னபோது எனக்கு அந்தக் குட்டுதான் ஞாபகம் வந்தது.

அன்றைக்கு வாசலில் நீ விழுந்ததும் எதிர்வீட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். நாக்கைக் கடித்துக்கொள்வாய், பல்லுக்கு நடுவில் ஏதாவது வை என்று யாரோ கத்தினார்கள். நான்தான் உள்ளே ஓடிப்போய்க் கரண்டியை எடுத்துவந்தேன். காம்பை உள்ளே தள்ளினேன். போகவில்லை. இன்னும் தள்ளினேன். உன் முன்பல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

படியில் விழுந்து பல் உடைந்தது என்று ஊருக்குச் சொன்னேன். உனக்கும் அதையே சொன்னேன். போட்டோவுக்கு வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறாயே, ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். படி உடைக்கவில்லை பாப்பா. நான் உடைத்தேன்.

அதற்குப் பிறகும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேனா? பதினோரு மாதம் கயிறு கட்டினேன், திருநீறு போட்டேன். அதற்குள் இன்னும் இரண்டு தடவை வந்தது. தலையில் வயர் வயராக ஒட்டிப் பார்த்த அன்றைக்கு டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. உலகத்தில் ஐந்து கோடிப் பேருக்கு இது இருக்கிறது, சரியான மருந்து கிடைத்தால் நூற்றில் எழுபது பேர் வரை வலிப்பே வராமல் இருக்கலாம் என்றார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டு, "கல்யாணத்துக்குத் தடையா இருக்குமா டாக்டர்?" என்றேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு. கல்யாணச் சட்டத்தில் இருந்த வலிப்பு என்கிற வார்த்தையையே 1999-ல் எடுத்துவிட்டார்கள் அம்மா, நீங்கள் எப்போது எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். நீ அன்றைக்கு சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கேட்டிருக்கும் உனக்கு.

இப்போது ஹாஸ்டல் ஃபார்ம். வேறு நோய் ஏதும் உண்டா என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியது அப்பா, எழுதச் சொன்னது நான். தெரிந்தால் சீட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவரிடம் சொன்னேன். பாதி அந்தப் பயம்தான். மீதி, அத்தை வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று. கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரியில் காட்டச் சொல்லி டாக்டரம்மா கொடுத்த கடிதத்தை ஃபைலிலிருந்து உருவி பீரோவில் சேலைக்கடியில் வைத்ததும் நான்தான். "லெட்டர் எங்கம்மா?" என்று கேட்டாய். எங்கேயாவது இருக்கும் என்றேன். "வார்டன்கிட்ட நானே சொல்லிரட்டா?" என்று கேட்டாய். வாயை மூடு என்றேன். அன்றையிலிருந்து இந்த வீட்டில் நீ சாப்பிடுகிறாய், தூங்குகிறாய், பெட்டி அடுக்குகிறாய், பேசமாட்டேன் என்கிறாய். டம்ளர் விழுந்தால்கூடச் சொல்லக்கூடாத வீடாக இதை நான்தான் ஆக்கிவைத்திருக்கிறேன்.

கடிதத்தைத் திரும்ப ஃபைலில் வைத்துவிட்டேன், ஹெட்மாஸ்டர் சான்றிதழுக்குப் பின்னால். வார்டனுக்கு நானே தனியாக ஒரு தாள் எழுதியிருக்கிறேன், ஃபார்மில் எழுதியது தப்பு என்று. என் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்பாவிடம் ரயிலில் சொல்லிக்கொள்கிறேன். சத்தம் போடுவார், ஈரோடு வருவதற்குள் அடங்கிவிடுவார்.

ரூமில் இருக்கிற பிள்ளைகளுக்கு நீ சொல்ல வேண்டும். மிட்டாயைக் கொடுத்துவிட்டுச் சொல். வந்தால் கையில் சாவி, இரும்பு எதுவும் திணிக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்க வேண்டாம், கரண்டி, துணி, விரல், எதையும். தண்ணீர் புகட்ட வேண்டாம். கையைக் காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். இடிக்கிற சாமானைத் தள்ளிவைத்து, தலைக்குக் கீழே துணி மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். ஒருத்தி கடிகாரத்தைப் பார்க்கட்டும். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால், அல்லது ஒன்று நின்று நீ தெளிவதற்குள் மறுபடி வந்தால், 108. அதற்குள் நின்றுவிட்டால் முழுசாகத் தெளிகிற வரை பக்கத்தில் இருக்கட்டும். குளிக்கப் போகும்போது யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. தாழ்ப்பாள் போடாமல் குளி என்று சொன்னால் எந்தப் பெண்ணும் கேட்கமாட்டாள், தெரியும். வெளியே ஒருத்தி நிற்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்த உடனே போடு. அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டதை விட்டுவிடு, இரண்டாகச் சேர்த்துப் போடாதே. நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நீயாக நிறுத்திவிடாதே. நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா சொன்னது உனக்கும் கேட்டதுதானே. கோயம்புத்தூரில் காட்டும்போது வியாழக்கிழமை காலையைச் சொல். முந்தின மூன்று ராத்திரி போனோடு கண்விழித்ததையும் சொல். டிராக்டரைப் பற்றியும் அவர்களிடமே கேள். வேண்டாம் என்றால் காரணத்தைச் சொல்லி ஒதுங்கு, வயிற்றுவலி வேண்டாம்.

பல்லுக்கு என்ன செய்யலாம் என்று இங்கே பல் டாக்டரிடம் கேட்டேன். தொப்பி மாதிரி ஒன்று போடலாமாம். தீபாவளி போனஸில் போட்டுவிடலாம், நீ சரி என்றால். இப்படியே இருக்கட்டும் என்றாலும் சரி.

இன்னொன்று. உனக்காகக் கடையில் பிளாஸ்டிக் டம்ளர் வாங்கினேனே, ஹாஸ்டலில் எவர்சில்வர் தொலைந்துபோகும் என்று சொல்லி. தொலைந்துபோகும் என்பதற்காக வாங்கவில்லை. விழுந்தால் யாருக்கும் சத்தம் கேட்கக்கூடாது என்று வாங்கினேன். அதைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். உன் பேர் வெட்டின எவர்சில்வர் டம்ளர் வாளிக்குள் இருக்கிறது, சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில், பேப்பரில் சுற்றி.

கைப்பிடி கொஞ்சம் ஆடுகிறது, வாளியைச் சொல்கிறேன். தண்ணியை நிறையப் பிடித்துத் தூக்காதே.

அம்மா