18 வயதுப் பிள்ளையின் கையில் சிறைச் சாவி

அமெரிக்க மாநிலச் சிறைத் துறைகளின் ஆணையர்களுக்கும், ஆள் எடுக்கும் விதிகளை இயற்றும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும், மத்திய அரசின் சிறை நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

நான் சிறைக் காவலர் இல்லை. ஒரு மாநிலச் சிறையில் 11 ஆண்டுகள் கைதிகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். வாரத்தில் நான்கு நாள், ஐந்து இரும்புக் கதவுகளைத் தாண்டி உள்ளே போவேன். ஒவ்வொரு கதவையும் ஒரு காவலர்தான் திறந்துவிட வேண்டும். உள்ளே எனக்கு ஒன்று ஆகாமல் பார்த்துக்கொண்டவர்களும் அவர்கள்தான். அந்த நன்றியோடுதான், சிறைக் காவலர் வேலைக்கு நீங்கள் வைக்கும் வயது வரம்பைப் பற்றி இதை எழுதுகிறேன்.

ஆள் பற்றாக்குறை எவ்வளவு மோசம் என்று எனக்குத் தெரியும். 16 மணி நேர ஷிப்ட் முடித்துவிட்டுக் கார் சாவியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 2025 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலச் சிறைக் காவலர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 22 நாள் நீடித்தது. சிறைகளுக்குள் தேசியக் காவல் படையை அனுப்ப வேண்டியிருந்தது. முடிவில் 2,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். காலியிடத்தை நிரப்ப 21 வயது வரம்பை 18 ஆக்கலாம் என்ற யோசனையும் அங்கே வந்தது. ஃப்ளோரிடா அதற்கு முன்பே அந்த வழியில் போய்விட்டது. அந்த மாநிலச் சட்டப்படி போலீஸ் வேலைக்குக் குறைந்தது 19 வயதாகியிருக்க வேண்டும், சிறைக் காவலருக்கு 18 போதும்.

அந்த ஒரு வயது வித்தியாசத்துக்கு என்ன காரணம் என்று ரொம்ப நாள் யோசித்தேன். ரோட்டில் நிற்கும் போலீஸ்காரரை ஊரே பார்க்கிறது. சுவருக்குள் நிற்பவரை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

என் வகுப்பறை வாசலில் ஒரு பையன் காவலுக்கு நின்றான். வயது 19. சீருடை சட்டை தோளில் ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும். நல்ல பிள்ளை, யாரைப் பார்த்தாலும் சிரிப்பான். அவனைவிட இரண்டு மடங்கு வயதான ஒரு கைதி முதலில் அவன் அம்மாவின் உடல்நலம் விசாரித்தார். அடுத்த வாரம் ஒரு பிறந்தநாள் வாழ்த்து அட்டை. "என் மகளுக்கு. உள்ளே கொடுத்தால் நாளாகும், போகிற வழியில் தபாலில் போட்டுவிடு" என்றார். போட்டுவிட்டான். விதிப்படி தப்பு. அவ்வளவுதான், பிடி விழுந்துவிட்டது. "சொன்னால் உன் வேலை போகும்" என்ற ஒரே வாக்கியத்தை வைத்து, அட்டை புகையிலையாக மாறியது, புகையிலை செல்போனாக மாறியது. ஒரு நாள் பார்க்கிங்கிலேயே அவனைச் சோதனை போட்டு அழைத்துப்போனார்கள். அவன் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவன் செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனிதர்களைப் படிப்பதையே 20 ஆண்டாகத் தொழிலாகச் செய்தவர் முன்னால், பள்ளிக்கூடம் முடித்து ஒரு வருடம் ஆன பிள்ளையைத் தனியாக நிறுத்தியது யார்?

ராணுவத்தில் 18 வயதில் சேர்க்கிறோமே என்பீர்கள். உண்மைதான். அங்கே அவனுக்கு மேலே ஒரு சார்ஜென்ட் எப்போதும் இருக்கிறார். இங்கே இரவு ஷிப்டில் ஒரு முழுப் பிளாக்குக்கும் அவன் ஒருவன்தான்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர், 41 வயதில் காவலரானார். எங்கள் மாநிலத்தில் வயதுக்கு மேல்வரம்பு இல்லாததால் முடிந்தது. ஒரு மாலை, தலை எண்ணும் நேரம். தாய் இறந்த செய்தி வந்த கைதி ஒருவர் அறைக்குள் போக மறுத்து நடுக்கூடத்தில் நின்றார். கை முஷ்டி இறுகியிருந்தது. இளம் காவலர் இருவரின் கை பெப்பர் ஸ்பிரேயில். இவர் அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, "அம்மா பெயர் என்ன?" என்று கேட்டார். பெயர் வந்தது. பிறகு அழுகை வந்தது. அப்புறம் அந்த மனிதர் தானாகவே அறைக்குள் போனார். எண்ணிக்கை ஆறு நிமிடம் தாமதம்.

பிறகு அவரிடம் கேட்டேன். "பஸ்ஸில் 50 பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். எவன் அழப்போகிறான், எவன் அடிக்கப்போகிறான் என்று கண்ணாடியிலேயே தெரிந்துவிடும்" என்றார்.

இப்படிப்பட்டவருக்கு மத்திய அரசின் சிறைகள் பல ஆண்டுகளாகக் கதவைச் சாத்தியே வைத்திருந்தன. 37 வயது ஆவதற்குள் சேர வேண்டும் என்பது கணக்கு. அது உடல் வலுவைப் பார்த்து வந்த எண் இல்லை. 57 வயதில் கட்டாய ஓய்வு, முழு ஓய்வூதியத்துக்கு 20 ஆண்டுப் பணி. 57-இல் 20 போனால் 37. ஆனால் அதே ஓய்வுச் சட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 57 வயதைத் தாண்டியும் 20 ஆண்டு முடியாதவர், முடிகிற வரை பணியில் இருக்கலாம் என்றே அது சொல்கிறது. நுழைவு வயதை எவ்வளவு என்று வைப்பது என்ற அதிகாரத்தையும் சட்டம் துறைத் தலைவரிடமே கொடுத்திருக்கிறது. முன்னுரிமை பெற்ற முன்னாள் ராணுவத்தினருக்கு இந்த வரம்பிலிருந்து விலக்கும் உண்டு. 45 வயது ராணுவத்தினரால் முடிகிற வேலை, 45 வயது செவிலி உதவியாளரால் ஏன் முடியாது?

40 வயதுக்கு மேற்பட்டவர்களை வேலையில் வயது காட்டி ஒதுக்கக் கூடாது என்ற சட்டம் 1967-லேயே வந்துவிட்டது. காவல், தீயணைப்புப் பணிகளுக்கு மட்டும் மாநிலங்கள் வரம்பு வைத்துக்கொள்ளலாம் என்று பிறகு வழிவிட்டார்கள். வைத்துக்கொள்ளலாம் என்றால் வைத்தே ஆக வேண்டும் என்று அர்த்தம் இல்லை. ஓட வேண்டியிருக்கும், படியேற வேண்டியிருக்கும் என்றால் சரி, ஓடச் சொல்லிப் பாருங்கள். சேரும்போது மட்டும் வேண்டாம், எல்லா வயதினருக்கும் ஆண்டுதோறும் வையுங்கள்.

நான் கேட்பது இதுதான். கீழ்வரம்பை 21-க்குக் கீழே இறக்காதீர்கள். இறக்கிவிட்ட மாநிலங்கள், 21 ஆகாதவர்களைக் கைதிகள் வசிக்கும் பிளாக்கில் தனியாக விடாதீர்கள். வாயில், கண்காணிப்பு அறை, தபால் பிரிவு என்று அவர்களுக்கு வேறு இடங்கள் உண்டு, அங்கே பழகட்டும். மேல்வரம்பை எடுத்துவிடுங்கள். 40-ஐத் தாண்டிச் சேருகிறவருக்கு, பணிசெய்த ஆண்டுக்கு ஏற்ற ஓய்வூதியத்தைக் கணக்கிட்டுக் கொடுப்பது முடியாத காரியம் இல்லை. நீங்கள் செலவழிக்கும் ஓவர்டைம் பணத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. 18, 19, 20 வயதில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முதல் ஆண்டிலேயே விலகினார்கள், எத்தனை பேர் பொருள் கடத்திப் பிடிபட்டார்கள், எத்தனை பேர் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனார்கள் என்பது உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. அடுத்த பட்ஜெட் கூட்டத்துக்கு முன்னால் அதை வெளியிடுங்கள். 40-க்கு மேல் சேர்ந்தவர்களின் கணக்கையும் அதன் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் சிறை ஆசிரியர் ஒருவர்