களப்பால், தென்பரை பண்ணையாள் போராட்ட ஆவணங்களையும் வாய்மொழிச் சான்றுகளையும் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்
மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டங்களைச் சேர்ந்த விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர்,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருவாரூர்.

பொருள்: கீழத்தஞ்சைப் பண்ணையாள் போராட்டம் – பழைய கோப்புகளைத் தேடி எடுத்துப் பாதுகாத்தல், முதியோர் வாக்குமூலங்களை ஒலிப்பதிவு செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 1943-இல் தென்பரையில் விவசாயிகள் சங்கம் கிளைவிட்டது. அடுத்த ஆண்டே களப்பாலிலும் மன்னார்குடியிலும் பெருநிலக்காரர்களான மிராசுதார்கள் சங்கத்தாருடன் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். பண்ணையாளை, அதாவது மிராசுதாரின் நிலத்தில் கட்டுண்டு உழைத்த கூலியாளை, சாட்டையால் அடிப்பதும் சாணியைக் கரைத்த சாணிப்பாலைப் புகட்டுவதும் அதோடு நிறுத்தப்பட்டன. பண்ணை வீட்டு வாசலில் நிற்கவே அஞ்சியவர்களை மிராசுதாருக்கு எதிரே உட்காரவைத்தவர் தென் கன்னடத்திலிருந்து வந்த பி. சீனிவாசராவ். அந்த ஒப்பந்தத் தாள்களை எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அதிகாரிகள் முன்னிலையில் எழுதப்பட்டவை என்பதால் அரசுப் பதிவறையில் அவற்றின் நகலோ அவை பற்றிய கடிதப் போக்குவரத்தோ இருக்க வேண்டும் என்று நம்புகிறோம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அன்று இது தஞ்சாவூர் மாவட்டம். நாகப்பட்டினம் 1991-இலும் திருவாரூர் 1997-இலும் தனி மாவட்டங்களாயின. கோப்புகள் எந்த ஊரில் தங்கின, எவை சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போயின என்பதை எங்களைப் போன்றவர்கள் அலைந்து கண்டுபிடிக்க முடியாது. தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போனால் பதில் வரும்.

கோப்புகளாவது அலமாரியில் காத்திருக்கும். மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் தொண்ணூறைத் தொட்ட பாட்டி ஒருவர் இருக்கிறார். சாணிப்பால் பற்றிக் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையை அண்ணாந்து, மூங்கில் குழாயை வாயில் வைத்தது போல விரல்களைக் குவித்துக் காட்டுவார். அவருடைய தகப்பனாருக்கு நேர்ந்தது அது. கூலி அளக்க ஒரு மரக்கால், குத்தகை நெல் அளக்க வேறொரு மரக்கால் என்று பண்ணை வைத்திருந்ததையும், அரசு முத்திரை குத்திய மரக்கால் வேண்டும் என்று ஆட்கள் கேட்டதையும் அவர் நேற்று நடந்தது போலச் சொல்கிறார். இதையெல்லாம் முறையாக யாரும் பதிவு செய்யவில்லை. ஆளுக்கொரு கைபேசியில் கொஞ்சம் கொஞ்சம் கிடக்கிறது, அவ்வளவுதான்.

1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேருக்கு நினைவிடம் இருக்கிறது; ஆண்டுதோறும் மக்கள் கூடுகிறார்கள். அதற்கு முந்தைய கால் நூற்றாண்டில் உயிர்விட்டவர்கள்தாம் மெல்ல மறைந்துகொண்டிருக்கிறார்கள். களப்பால் குப்பு 1948-இல் திருச்சிச் சிறையில் இறந்தார். ஜாம்பவானோடை சிவராமன் 1950-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மணலூர் மணியம்மையோ பிராமணக் குடும்பத்தில் இளவயதிலேயே கணவரை இழந்தவர். விதவைக் கோலத்தை உதறி, முடியைக் கத்தரித்து, வேட்டி சட்டையோடு சேரி சேரியாகச் சென்று பண்ணையாள்களைத் திரட்டினார். 1953-இல் பூந்தாழங்குடியில் மான் முட்டி உயிரிழந்தார். இப்படி ஒருவர் நம் மாவட்டத்தில் வாழ்ந்தார் என்பது பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியவில்லை.

சிலை கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. சிலைகளுக்குக் கூண்டு போட்டுக் காவல் வைக்கும் நிலையைத்தான் பார்க்கிறோமே. 1943 முதல் 1952-ஆம் ஆண்டின் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரையிலான வருவாய், காவல் துறைக் கோப்புகளைத் தேடி எடுக்க ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும். அதுவரை அக்காலக் கோப்பு எதையும் கழிவுத் தாளாக அகற்றக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவிட வேண்டுகிறோம். கிடைப்பதைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியே மின்னுருவாக்கி, திருவாரூர் மாவட்ட நூலகத்தில் பொதுமக்கள் படிக்க வைக்கலாம். முதியோரின் சான்றுகளைப் பதிவு செய்யும் வேலைக்கு அருகிலுள்ள அரசுக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்களை அனுப்பினால் செலவும் பெரிதாக இராது. ஒலிப்பதிவு முதலில் தொடங்கட்டும். வரும் குறுவை நடவுக்கு முன் தொடங்கினால் நல்லது, நடவு வந்துவிட்டால் வீட்டில் துணைக்கு ஆள் இருக்காது.

பேச இசைந்துள்ள முதியோர் உள்ள ஊர்களின் பட்டியலை இணைத்துள்ளோம். மாணவர்களுக்கு மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்படி ஊர்களின் பொதுமக்கள்

இணைப்பு: ஊர்களின் பட்டியல், கையெழுத்துத் தாள்கள்