வாடகையைப் பார்த்து வாடகைப்படி கொடுங்கள்

எட்டாவது மத்திய ஊதியக் குழுவின் தலைவர் நீதியரசர் ரஞ்சனா பிரகாஷ் தேசாய் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பல வருடங்களாகச் சம்பளப் பட்டியல் போட்டுவருகிறேன். அடிப்படை ஊதியம், அகவிலைப்படி என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே வரும்போது எனக்குக் கை நின்றுபோகிற இடம் ஒன்று உண்டு. அது வீட்டு வாடகைப்படி. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

எங்களோடு வேலை பார்த்த பெண் ஊழியர் ஒருவர் போன வருடம் சென்னையிலிருந்து ஓசூருக்கு மாற்றலாகிப் போனார். ஊதிய அட்டவணையில் நான்காம் நிலை, அடிப்படை 25,500. வாடகைப்படிக்காக ஊர்களை எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னை எக்ஸ் வகுப்பு என்பதால் அடிப்படையில் 30 சதவீதம், அதாவது 7,650 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். ஓசூர் இசட் வகுப்பு. அங்கே 10 சதவீதம், 2,550 ரூபாய். போக்குவரத்துப்படி 3,600லிருந்து 1,800 ஆனது. அதன் மேல் வரும் அகவிலைப்படியும் பாதியாகிவிட்டது. அவருடைய கடைசி ஊதியச் சான்றை எழுதியது நான்தான். ஒரு மாதம் கழித்துப் போன் செய்தார். மாடியில் ஒரு படுக்கையறை வீடு, வாடகை 9,500, தண்ணீருக்குத் தனி. "சார், பெரம்பூர்ல இதே காசுதானே குடுத்துட்டிருந்தேன்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஓசூரில் விடிகாலையில் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பஸ் ஏற நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் அந்த ஊர் வாடகையை யார் தீர்மானிக்கிறார்கள் என்று புரிந்துவிடும். ஆனால் நம் விதி வாடகையைப் பார்ப்பதில்லை, தலையைத்தான் எண்ணுகிறது. 50 லட்சம் பேருக்கு மேல் இருந்தால் எக்ஸ், 5 லட்சத்துக்கு மேல் ஒய் (இதற்கு 20 சதவீதம்), மற்றதெல்லாம் இசட். அந்தத் தலைக்கணக்கும் 2011ஆம் ஆண்டுடையது. 2021இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப்படவே இல்லை, 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. நீங்கள் அறிக்கை எழுதும்போது புதுக் கணக்கு கையில் இருக்குமா என்பதே சந்தேகம்.

திருநெல்வேலியைப் பாருங்கள். 2011 கணக்கில் அந்த நகரத்திரள், அதாவது நகரமும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்து, 5 லட்சத்தைத் தொடச் சில ஆயிரம் பேர் குறைந்தார்கள். ஈரோடு தாண்டிவிட்டது. அதனால் ஒரே நிலையில், அதே 25,500 அடிப்படையில் வேலை பார்க்கும் இருவரில் ஈரோட்டுக்காரருக்கு 5,100, நெல்லைக்காரருக்கு 2,550. பாளையங்கோட்டையில் வீட்டுச் சொந்தக்காரர் யாராவது இதைக் கேட்டு வாடகையில் பாதியைக் குறைப்பாரா? சில ஆயிரம் தலை குறைந்ததற்காகப் படி பாதியாவது எந்த விதத்தில் நியாயம்? 5 லட்சம் என்ற ஒரே கோட்டில் தடாலென்று விழாமல், இடையில் படிநிலைகள் இருக்க வேண்டும்.

ஊர் ஊராக வாடகையை யார் போய்க் கணக்கெடுப்பது என்று கேட்கலாம். ஏற்கெனவே எடுக்கிறார்கள். நம் அகவிலைப்படிக்கு ஆதாரமான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணுக்காக மத்திய அரசின் லேபர் பீரோ 88 மையங்களில் விலை திரட்டுகிறது. அதில் வீட்டு வாடகையும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். மையவாரியாக எண்கள் வெளியாகின்றன. அதையெல்லாம் நாடு முழுமைக்கும் ஒரே எண்ணாகச் சேர்த்து அகவிலைப்படி போடுகிறோம், அது சரிதான். வாடகைப்படிக்கு மட்டுமாவது அந்தந்த ஊர் எண்ணைப் பாருங்கள் என்கிறேன். மையம் இல்லாத ஊர்களுக்கு இதே முறையில் தனிக் கணக்கெடுப்பு நடத்தச் சொல்லுங்கள்.

பெருநகரத்தை ஒட்டிய ஊர்களுக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. நொய்டாவும் காசியாபாத்தும் உத்தரப் பிரதேசம். குர்கானும் ஃபரீதாபாத்தும் ஹரியானா. நாலு ஊருக்கும் சிறப்பு ஆணை போட்டு டெல்லி விகிதம் கொடுக்கிறார்கள். மாநில எல்லை அங்கே குறுக்கே நிற்கவில்லை. ஓசூருக்கு மட்டும் ஏன் நிற்க வேண்டும்?

இன்னொன்று. ஆறாவது குழுவின் 30, 20, 10 சதவீதத்தை ஏழாவது குழு 24, 16, 8 ஆக்கியது. அடிப்படை கூடுவதால் கையில் வரும் தொகை குறையாது என்றார்கள், அது உண்மைதான். ஆனால் அகவிலைப்படி உயர்ந்தால்தான் விகிதமும் உயரும் என்று வைத்தார்கள். பழைய விகிதத்தை எட்ட, அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொடும்வரை, 2024 ஜனவரிவரை காத்திருந்தோம். இந்த முறை அகவிலைப்படி அடிப்படையோடு சேர்ந்து திரும்பவும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்போது விகிதத்தைக் குறைக்க வேண்டாம்.

படிகள் அமலாகும் தேதியையும் உங்கள் அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். போன முறை ஊதியம் 2016 ஜனவரியிலிருந்து உயர்ந்தது. வாடகைப்படி 2017 ஜூலையிலிருந்துதான். இடையில் பதினெட்டு மாதம் பழைய அடிப்படையில் பழைய படியைத்தான் நான் பட்டியலில் போட்டேன். அந்த நிலுவை கடைசிவரை யாருக்கும் வரவில்லை.

இப்படிக்கு,
சம்பளப் பிரிவு எழுத்தர் ஒருவர்