ஓடிய ஆண்டை அட்டைப்பெட்டியில் போடுங்கள்: மாதிரி ரயில் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாதிரி ரயில் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் வேலைப்பாட்டில் குறை சொல்ல இதை எழுதவில்லை. நிஜத்தில் 87-ல் ஒரு பங்கான 1:87 அளவிலும் வேகனின் ஆணித்தலைகளை எண்ணிவிடலாம், அப்படிச் செய்கிறீர்கள். ஆனால் அந்த வேகன் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அந்தக் கோலத்தில் ஓடியது என்று அட்டைப்பெட்டியின் வெளியே ஒரு வரி போட மட்டும் உங்களுக்கு மனம் வரவில்லை.

கடைசியாக வந்து சேர்ந்த வேகனையே பாருங்கள். நான் அமைத்திருப்பது 1956-ம் ஆண்டு அமெரிக்க ரயில் பாதையின் மாதிரி. நீராவி எஞ்சின்கள் விடைபெறும் நேரம், ஜிபி9 டீசல் எஞ்சின்கள் புத்தம் புதியவை. விளம்பரத்தில் ‘1950-களின் 40 அடி மூடு வேகன்’ என்றிருந்தது. பிரித்தால் கூரைமேல் ஊழியர்கள் நடக்கும் நடைப்பலகை இல்லை. ஏணி பாதியிலேயே நிற்கிறது. சரி, போகட்டும் என்று திருப்பினால், பக்கவாட்டில் வண்ணப் பட்டைகள் அடுக்கிய அடையாள அட்டை! அந்த அட்டை வேகன்களில் ஏறத் தொடங்கியது 1967-ல். புது வேகன்களில் நடைப்பலகையை நிறுத்தியதே 1966-ல்தான். இத்தனைக்கும் பக்கத்திலேயே, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், ‘கட்டியது 5-55’.

அது பொய்யில்லை என்பதுதான் வேடிக்கை. 1955-ல் கட்டிய வேகன், பின்னாளில் பலகை கழற்றி, ஏணி வெட்டி, அட்டை ஒட்டி அப்படித்தான் ஓடியிருக்கும். 1970-ஐ அமைப்பவருக்கு அது பொருத்தமான வேகன், எனக்கு இல்லை. கட்டிய ஆண்டு வேறு, கோலத்தின் ஆண்டு வேறு. நாங்கள் கேட்பது இரண்டாவதை.

ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் காலகட்டத்தை ரோமன் எண்ணில் அட்டைப்பெட்டியிலேயே அச்சிடுகிறார்கள். மூன்று என்றால் உலகப் போருக்குப் பின், ஏறத்தாழ 1970 வரை. கடையில் நின்றபடியே முடிவெடுத்துவிடலாம். உங்கள் அட்டைப்பெட்டியிலோ ‘14 வயதுக்கு மேற்பட்டோருக்கு’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. எங்கள் வயதில் இருக்கும் அக்கறை வண்டியின் வயதில் இல்லை.

எஞ்சின் கதை இன்னும் மோசம். எஸ்டி40-2 என்ற டீசல் எஞ்சின் பிறந்தது 1972-ல். பென்சில்வேனியா ரயில்ரோடு என்ற ரயில் நிறுவனம் 1968-லேயே இணைப்பில் மறைந்துவிட்டது. நாளைக்கே ஒன்றின்மேல் மற்றதன் பெயரை எழுதி ‘வரலாற்றுச் சிறப்புமிக்கது’ என்று நீங்கள் விற்றாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். இதில் முன்பதிவு வேறு. இப்போதே பணம் கட்டு, இல்லையென்றால் கிடைக்காது. எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிந்தால்தானே கட்டுவது? கணினியில் வரைந்த ஒரு படத்தைக் காட்டி, மாதக்கணக்கில் காக்கவைத்து, வந்தபின் திருப்பி எடுக்க முடியாது என்பது எந்த ஊர் நியாயம்?

மன்னிக்கவும், கோபம் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டது. கேட்பது ஒன்றே ஒன்று: இந்த வண்ணத்தில், இந்த உறுப்புகளோடு, இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை. அட்டைப்பெட்டியில் ஒரு வரி, முன்பதிவு அறிவிப்பில் அதே வரி. அந்தத் தகவல் உங்களிடம் இருக்கிறது. இல்லாமல் அந்த அடையாள அட்டையை அவ்வளவு துல்லியமாக அச்சிட்டிருக்க முடியாது. தயவுசெய்து அடுத்த தயாரிப்பிலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
1956-ல் வண்டி ஓட்டும் ஒருவன்