இசைநாடகம் படிப்பவர் கல்லூரி மாறினால்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் கலைப் படிப்புகள் பற்றிய உங்கள் கட்டுரையில், பிடிக்காவிட்டால் இரண்டாம் ஆண்டில் வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மற்ற பல படிப்புகளுக்கு அது சரி. பாட்டு, நடனம், நடிப்பு மூன்றும் சேர்ந்த இசைநாடகத்துக்கு (மியூசிக்கல் தியேட்டர்) அப்படி இல்லை.

என் மகள் பி.ஏ. நாடகத்திலிருந்து பி.எஃப்.ஏ. (நுண்கலை இளநிலைப் பட்டம்) இசைநாடகத்துக்கு மாறினாள். பி.ஏ.வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கலைப் பாடம், பி.எஃப்.ஏ.வில் மூன்றில் இரண்டு பங்கு. நடிப்பு, குரல், பாலே, டாப் நடனம் எல்லாம் படிப்படியாக நான்கு ஆண்டுகளுக்கு அமைத்த பயிற்சி என்பதால், மாறி வருபவரைப் பல இடங்களில் முதலாண்டிலேயே உட்கார வைக்கிறார்கள். ஆங்கிலம், வரலாறு பாடங்களில் முன்பு பெற்ற கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கிடும் பாட அலகு) புதிய கல்லூரியிலும் செல்லும்; நடிப்பு வகுப்பின் கிரெடிட் பெரும்பாலும் விருப்பப் பாடமாகப் போய்விடும். கூடுதல் ஆண்டுகளின் கட்டணம் சிறிய தொகையா?

சேர்வதற்கான திறன் தேர்வும் புதிதாகத்தான். முதலில் வீடியோ, தேறினால் நேரில். சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, 32 பார் (மேற்கத்திய இசையின் தாள அளவு) நீளப் பாடல் துணுக்கைத் திரும்பத் திரும்பப் பதிவுசெய்தாள். கர்நாடக சங்கீதம் கற்ற குரல். மூச்சுப் பயிற்சி கைகொடுத்தது, ஆனால் நீண்ட ஸ்வரங்களில் கமகம் தானாக வந்து நுழைந்துவிடும்.

இடம் கிடைத்தது, முதலாண்டில். சந்தோஷமாகத்தான் போனாள்.

எந்த ஆண்டில் சேர்ப்பார்கள், எத்தனை கிரெடிட் பட்டத்துக்குக் கணக்காகும், மாறி வருபவருக்கும் உதவித்தொகை உண்டா என்பதையெல்லாம் சேரும் முன்பே எழுத்தில் வாங்கச் சொல்லி உங்கள் கல்விப் பக்கத்தில் தயவுசெய்து எழுதுங்கள்.

ஒரு மாணவியின் தாய்,
கொலம்பஸ், ஒஹாயோ