அண்ணன் கேட்ட கையெழுத்து

லெஸ்டர், இங்கிலாந்து,
16.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நொய்யல் கரை நிலத்தை வைத்துக் கடன் வாங்க அண்ணன் என் கையெழுத்தைக் கேட்பதைப் பற்றித் தீபாவளிக்கு முன்பே நீங்கள் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதமும் அதனுடன் வைத்திருந்த பத்திர நகலும் சென்ற வாரம்தான் வந்து சேர்ந்தன. செல்பேசியில் பேசினால் அம்மா காதில் விழும், அண்ணன் பக்கத்தில் இருப்பான், ஆகையால் மனத்தில் இருப்பதைச் சொல்ல முடியாது என்று நீங்கள் எழுதியிருப்பது சரிதான். வாரந்தோறும் முகம் பார்த்துக்கொண்டாலும் சாப்பாட்டையும் குளிரையும் தாண்டி நாம் எதுவும் பேசிக்கொள்வதில்லை. எனவே நானும் கடிதமாகவே எழுதுகிறேன். நீங்கள் மட்டும் படித்துவிட்டு, அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பிற்பகல் நான்கு மணியைத் தாண்டினால் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. வீட்டில் வெப்பமூட்டி இருக்கிறது. மாலையில் ஒரு மணி நேரம் ஓடினால் போதும் என்று உடன் தங்கியிருக்கும் பெண்களும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அதற்கு மேல் ஓடினால் தோல் வறண்டுவிடுகிறது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பெல்கிரேவ் சாலையில் உள்ள குஜராத்திக் கடைகளில் கம்பு மாவு கிடைக்கிறது. அவர்கள் ரொட்டி தட்ட வாங்குகிறார்கள், நான் களி கிண்டுகிறேன். இலங்கைத் தமிழர் ஒருவரின் கடையில் பொன்னி அரிசியும் முருங்கைக்காயும் உண்டு. முருங்கைக்காயின் விலையைக் கேட்டால் ஆத்தா தோட்டத்து மரத்தையே வேரோடு பெயர்த்து அனுப்பிவிடுவார் என்பதால் அதைச் சொல்லாமல் விடுகிறேன். பெரும்பாலும் களியும் மோருமாகவே பொழுது போகிறது. மிச்சம் பிடிப்பதற்காக அல்ல, உடம்புக்கு நல்லது என்பதற்காகத்தான்.

பக்கத்து வீட்டு ஆங்கிலேயக் கிழவியைப் பற்றி அம்மாவிடம் பாதி சொல்லியிருந்தேன். நீங்கள் கேட்டிருக்கும் விஷயத்துக்கும் அவருக்கும் தொடர்பு இருப்பதால் மீதியை இங்கே எழுதுகிறேன். வயது எழுபத்தெட்டு, தனியாக இருக்கிறார். கோடையில் ஒரு நாள், நான் கொடியில் காயப்போட்டிருந்த துணிகளை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கையை நீட்டி, ஒவ்வொன்றாக உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஊரில் யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்று மாலையே பஞ்சாயத்து கூடியிருக்கும். நான் வெளியே வந்ததைக் கண்டும் அவர் கையை எடுக்கவில்லை. அண்ணன் கம்பெனியில் தைத்த கருநீல டி-ஷர்ட்டின் பக்கத் தையலைக் கட்டைவிரல் நகத்தால் தடவி, அங்குலத்துக்கு எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணினார். பிறகு, ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டியவர் கை தேர்ந்தவர் என்றும், கழுத்துப் பட்டி வைத்தவர்தான் ரிப்பை இழுத்துப் பிடித்துத் தைத்துவிட்டார், நான்கு சலவையில் கழுத்து அலையடிக்கும் என்றும் சொன்னார். சொன்னபடியே அலையடித்தது. இதை அண்ணனிடம் சொல்லிவிட வேண்டாம். கழுத்துப் பட்டி வைப்பது அண்ணி.

பதினைந்து வயதில் பள்ளியை விட்டுவிட்டு ஒரு பின்னலாடை மில்லில் ஓவர்லாக் ஓட்டச் சேர்ந்தவர் அவர். டஜன் கணக்கில் கூலி. காலையில் ஒரு மில்லில் சண்டை போட்டு நின்றுவிட்டால் மதியத்துக்குள் எதிர்த்த மில்லில் மெஷினில் உட்கார்ந்துவிடலாம் என்ற காலம் அது. நம் திருப்பூரைப் போல இந்த ஊரும் பனியன் ஊர்தான், அப்பா. 1589இல் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் தறியை உருவாக்கிய நாட்டிங்காம்ஷயர் இங்கிருந்து பக்கம்தான். 1936இல் ஐரோப்பாவிலேயே இரண்டாவது பணக்கார நகரம் என்று உலக நாடுகள் சங்கத்தின் கணக்கே சொன்னதாக இவ்வூர்க்காரர்கள் இன்றும் பெருமையடித்துக்கொள்வார்கள். 1815இல் தொடங்கிய கோரா என்ற நிறுவனம் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளுக்குத் துணி கொடுத்தே வளர்ந்தது; உச்சத்தில் அங்கே மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்திருக்கிறார்கள்.

1974 முதல் பணக்கார நாடுகள் நம்மைப் போன்ற நாடுகளின் துணி இவ்வளவுதான் வரலாம் என்று கோட்டா வைத்துத் தங்கள் மில்களைக் காத்துப் பார்த்தன. ஆனால் 1990களின் இறுதியில் இந்நாட்டுப் பெரிய கடைகளே வெளிநாட்டில் தைப்பதுதான் மலிவு என்று கொள்முதலை மாற்றிக்கொண்டபோது, ஏற்கெனவே மெலிந்துபோயிருந்த மில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டப்பட்டன. கிழவிக்கு அப்போது ஐம்பது வயது. 2005 ஜனவரி 1ஆம் தேதி கோட்டாவும் ஒழிந்தது. அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டுச் செக்கிங் வேலைக்குப் போனது அந்த ஆண்டுதான் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஆள் போதாமல் கம்பெனி வேன்கள் காங்கேயம், தாராபுரம் வரை வந்து ஆள் ஏற்றிப்போன காலம். இந்த ஊரில் விட்டுப்போன வேலையில் ஒரு துண்டு நம் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கல்லூரியில் உலகமயமாக்கல் என்று பத்து மதிப்பெண் வினாவுக்கு மனப்பாடம் செய்து எழுதியபோது இது எனக்கு உறைக்கவில்லை.

வேலையோடு அழுக்கும் இடம் மாறியிருக்கிறது. இந்நகரின் நடுவே சோர் என்று ஓர் ஆறு ஓடுகிறது. தொட்டியில் அன்றைக்கு எந்தச் சாயமோ அந்த நிறத்தில்தான் தன் சிறு வயதில் ஆறு ஓடியது என்று கிழவி சொல்கிறார். இன்று அதில் அன்னங்கள் நீந்துகின்றன, மீன் பிடிப்பவர்கள் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறு தெளிந்ததற்கு இந்நாட்டுச் சட்டம் ஒரு காரணம். சாயத் தொட்டி நம் பக்கம் வந்துவிட்டது இன்னொரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணை கட்டியபோது இரண்டு போகம் விளையும் என்று அப்பாரு நம்பினார்; அணையில் நின்றது சாயக்கழிவு. நம் கிணற்றுத் தண்ணீரைக் குடித்த தென்னையின் இளநீர்கூடக் கரித்ததை நான் குடித்துப் பார்த்திருக்கிறேன். ஆயக்கட்டு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தி, 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னபோது நீங்கள் மகிழ்ந்தீர்கள், அண்ணன் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். இரண்டுமே நியாயமாக இருந்த வீடு நம்முடையது. இப்போது கழிவைச் சுத்திகரித்துத் தண்ணீரைத் திரும்பவும் பட்டறைக்கே எடுத்துக்கொள்கிறார்கள் என்பது பெரிய மாற்றம்தான். ஆனால் அந்தச் செலவு முழுவதும் திருப்பூர்க்காரன் தலையில் விழுகிறது. அதற்காக டி-ஷர்ட்டுக்கு ஒரு பென்னி கூடுதலாகக் கொடுக்க துணி வாங்கும் எந்த வெளிநாட்டுப் பையரும் முன்வந்ததை, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்த காலத்தில் நான் கண்டதில்லை.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நகரத்துக்கு வெளியே நெடுஞ்சாலையோரக் கிடங்கில், சரக்கின் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். இணையத்தில் வாங்கிப் பிடிக்காமல் திருப்பியனுப்பிய துணிகள் எங்களிடம் வரும். பையைப் பிரித்து, கறை இருக்கிறதா, வாசனைத் திரவிய நெடி அடிக்கிறதா, விலைச்சீட்டு அறுந்திருக்கிறதா என்று பார்த்து, நல்லதாக இருந்தால் மடித்து மறுபடி பையில் போட வேண்டும். திருப்பூரில் நிறத்தின் ஷேடு சற்றுப் பிசகினால் முழு லாட்டையும் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து நாம் எத்தனை முறை லேப் டிப் என்ற சாய மாதிரித் துண்டை அனுப்பியிருக்கிறோம்! இங்கே 'நிறம் பிடிக்கவில்லை' என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இந்நாட்டில் வேண்டாமென்று கழித்த துணியில் பெருமளவு பேல்களாக ஆப்பிரிக்காவுக்கும், கண்ட்லா துறைமுகம் வழியாகப் பானிபட்டுக்கும் போகிறது. பானிபட்டில் அதைக் கிழித்து நூலாக்கிக் கம்பளி நெய்கிறார்கள். படித்த படிப்புக்கு இந்த வேலை போதுமா என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், சித்தப்பா கேட்பார். அனுபவத்துக்காகச் செய்கிறாள் என்று சொல்லிவிடுங்கள்.

லைன் வீட்டில் குடியிருக்கும் பீகார் குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லிச் சித்தப்பா நச்சரிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். 1972இல் உகாண்டாவிலிருந்து இதி அமீன் ஆசியர்களை விரட்டியபோது, எங்கள் ஊருக்கு வராதீர்கள், இங்கே இடமில்லை என்று லெஸ்டர் நகராட்சி உகாண்டாவின் செய்தித்தாளிலேயே விளம்பரம் கொடுத்தது. அதையும் மீறி வந்தவர்கள் மில்களில் இரவு ஷிப்ட் பார்த்தார்கள், கடை வைத்தார்கள். இன்று பெல்கிரேவ் சாலைத் தீபாவளி விளக்குகளைத் தன் பெருமையாக அதே நகராட்சி சொல்லிக்கொள்கிறது. எல்லாம் சுகமாக முடிந்தது என்று நான் சொல்லவில்லை. இங்கே எஞ்சியிருந்த சிறு தையல் கூடங்களில், குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8.72 பவுண்டாக இருந்த 2020இல், சிலருக்கு 3.50 பவுண்டுதான் கொடுத்தார்கள் என்று வெளிவந்தது. ஆனால் அந்தப் பீகார்ப் பெண் தையல்காரர்களுக்கு உதவும் கைமடி வேலைக்கு வராவிட்டால் அண்ணன் கம்பெனியில் பாதி மெஷின் ஓடாது என்பது சித்தப்பாவுக்கும் தெரியும். அவர்கள் பையன் நம் ஊர்ப் பள்ளியில் நம்மைப் போலவே 'ஏனுங்க' என்று பேசுகிறான் என்று அம்மா சொல்லிச் சிரித்தாளே.

இனிப் பத்திரத்துக்கு வருகிறேன். அமெரிக்கா ஆகஸ்ட் 7இல் 25 விழுக்காடு வரி போட்டு, 27ஆம் தேதி அதை 50 ஆக்கியதிலிருந்து அண்ணனுக்கு வேலை கொடுக்கும் எக்ஸ்போர்ட்டர் கையைப் பிசைகிறார் என்பது எனக்குத் தெரியும். திருப்பூர் ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு அனுப்புவதில் மூன்றில் ஒரு பங்களவு அமெரிக்காவுக்குத்தான் போகிறது. பையர் தள்ளுபடி கேட்கிறார், எக்ஸ்போர்ட்டர் அதைத் தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க் கூலியில் பிடிக்கிறார், கடைசியில் இருக்கும் அண்ணனுக்குப் பிடிக்க ஆளில்லை. இந்த நேரத்தில் நொய்யல் கரை மூன்று ஏக்கரை வைத்துக் கடன் வாங்கிப் புது மெஷின் இறக்கினால், ஆறு மாதத்தில் வரி குறைந்து ஆர்டர் கொட்டும் என்கிறான். குறையலாம். பிரிட்டனுடனான ஒப்பந்தமும் ஜூலை 24இல் கையெழுத்தாகிவிட்டது. நடைமுறைக்கு வந்தால் ஆயத்த ஆடைக்கு இருக்கும் வரி நீங்கும், வங்கதேசத்துத் துணிக்கு இங்கே வரியில்லை என்ற குறையும் தீரும். ஆனால் ஆர்டர் என்பது எவனோ ஒருவன் ஒரு மேசையில் உட்கார்ந்து மாற்றிவிடக்கூடியது. செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், தூத்துக்குடியிலிருந்து வந்த சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றி இரண்டு வாரம் தாமதமாக வந்தது. அந்த ஆண்டு பணம் வராமல் அண்ணன் நகையை வைத்தது மறக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவியின் மில்லும் மூடுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் புது மெஷின்களை இறக்கியதாம்.

எனவே நான் கையெழுத்திடப் போவதில்லை. அதற்குப் பர்மிங்காம் துணைத் தூதரகம் வரை போய்ப் பவர் பத்திரத்தில் முத்திரை வாங்க வேண்டும் என்பதைக் காரணமாகச் சொல்லித் தள்ளிப்போட மாட்டேன். அண்ணனிடம் நேராகவே சொல்கிறேன். அக்காவின் கையெழுத்தையும் அவசரப்பட்டு வாங்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். கரித்த நிலமானாலும் நம்மிடம் வேறு எதுவும் இல்லை. ஓடாத இரண்டு ஃபிளாட்லாக் மெஷின்களை விற்றுவிட்டு, உள்நாட்டுக் கடைகளுக்குப் பனியன், ஜட்டி தைத்துக்கொடுக்கும் வேலையைத் தை மாதம் வரை எடுத்துப் பார்க்கட்டும். கூலி குறைவுதான், ஆனால் வாரச் சம்பளம் நிற்காது.

கடிதத்தில் மயிலை கன்று போட்டதாக ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். காளையா கிடாரியா என்று எழுதவில்லையே. அம்மாவும் சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்குத் தேநீர் இடைவேளையில் கிடங்கு வாசலில் நின்றுகொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சீம்பால் காய்ச்சியிருப்பீர்கள், ஆத்தா ஏலக்காய் தட்டிப் போட்டிருப்பார், பாத்திரத்தின் அடியில் பிடித்ததைச் சுரண்டித் தின்ன யார் இருந்தார்கள்? தீபாவளியன்று பெல்கிரேவ் சாலையில் ஆயிரக்கணக்கானோர் நடுவே நின்றபோது வராத அழுகை, அந்த ஒரு வரியைப் படித்ததும் வந்துவிட்டது. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

சென்னிமலைப் பெரியம்மா கொண்டுவந்த ஜாதகத்தைப் பார்த்தேன். பையன் கனடாவில் இருப்பதை ஒரு தகுதியாக எழுதியிருக்கிறார்கள். அங்கே என்ன வேலை என்பதை விசாரித்துவிட்டு மேலே பேசுங்கள். இம்மாதம் அனுப்பும் தொகை சற்றுக் குறைவாக இருக்கும். வங்கியில் ஏதோ கணக்கு மாற்றம், அடுத்த மாதம் சேர்த்து அனுப்பிவிடுகிறேன். கல்விக் கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் போகும். அக்கா மகனின் காதுகுத்துக்கு நம் வீட்டுச் சீரில் குறை வைக்க வேண்டாம். தோடு முக்கால் பவுனில் எடுத்து, என் பங்கை நகைக்கடையில் கணக்கு வைத்துச் சொல்லுங்கள். பத்திரத்தின் அசலை அண்ணனிடம் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிக் கூட்டுறவு வங்கிப் பெட்டகத்திலேயே வைத்துவிடுங்கள். சாவி அம்மாவிடம் இருக்கட்டும்.

உங்கள் அன்பு மகள்